தோட்டத்துக் கல்யாணத்தை நடத்தி வைப்பவர்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் யார் என்று 1910 வாக்கில் கேட்டிருந்தால் ஐயர் என்றோ பூசாரி என்றோ பதில் வந்திருக்காது. பெரிய கங்காணி என்றுதான் சொல்லியிருப்பார்கள். தாலியை மாப்பிள்ளை கட்டுவார், மந்திரமோ தேவாரமோ தெரிந்தவர் சொல்வார். ஆனால் அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது கங்காணியின் வாயில் இருந்தது.

காரணம் எளிது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஆள் கட்டிக் கூட்டி வந்தவர் அவர். வந்தவர்களின் கடன் அவர் கணக்கில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று எழுதிய காகிதம் அது. ஸ்பிரிங்வெலித் தோட்டத்துப் பெண்ணை மடுல்சீமைப் பக்கத்து மாப்பிள்ளைக்குப் பேசினால், ஒரு கங்காணிக்குக் கொழுந்து பறிக்கும் கை ஒன்று குறைகிறது, இன்னொருவருக்குக் கூடுகிறது. அவள் பேரில் உள்ள கடனை யார் ஏற்பது? இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசுமுன் இரண்டு கங்காணிமாரும் பேசி முடித்தாக வேண்டும். அதே தோட்டத்துக்குள்ளே, அதே கங்காணியின் ஆட்களுக்குள்ளே முறைப்பையனுக்குக் கட்டி வைப்பதில் இந்தத் தொல்லை இல்லை. மாமன் மகள், அத்தை மகன் உறவு தோட்டங்களில் அவ்வளவு இறுக்கமாக நின்றதற்கு வழக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கடன் கணக்கும் அதற்கு உதவியிருக்கிறது.

துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடன் ஒழியவில்லை. பரிசப் பணம், முகூர்த்தச் சேலை, அரிசி, ஆடு, சாராயம் எல்லாம் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தில்தான் வந்தன. தாலி ஏறிய மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கடன்தான்.

கங்காணிக்கு மேலே, தோட்டத்தை நடத்திய துரை இருந்தார். அவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். வந்தாலும் மாலையை வாங்கிக்கொண்டு, ஒரு போத்தலையோ ஒரு நோட்டையோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் வெளித்தோட்டத்துப் பெண் மருமகளாக வந்தால் அவள் பேரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில், பதியச் சொல்ல வேண்டியவர் அவர்தான். பேர் பதிந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் இருக்க உரிமை. காம்பரா கிடைப்பது அதன்பிறகு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் இருக்க, ஒரு மூலையில் சாக்கையோ பழைய சேலையையோ திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் தொடங்கியவர்கள் உண்டு. புதுசுகளுக்கு இடம் விட்டு மற்றவர்கள் வெளித் திண்ணையான இஸ்தோப்பில் படுத்துக்கொள்வார்கள். நமுனுகுலைப் பனியில் இஸ்தோப்பில் படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சடங்கு எப்படி நடந்தது? தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. மாரியம்மன் கோயில் முன்னாலோ, லயத்து வாசலில் பந்தல் போட்டோ நடக்கும். மூங்கிலும் வாழையும் தோட்டத்திலேயே கிடைக்கும். நடத்துபவர் பெரும்பாலும் கோயில் பூசாரி அல்லது பண்டாரம். அவர்களும் காலையில் பேர் போட்டு மலைக்குப் போகிறவர்கள்தான். சமஸ்கிருத மந்திரம் தெரிந்தவர் அபூர்வம், தெரியவில்லை என்று யாரும் குறைப்பட்டதும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த முறை இருந்தது: பந்தக்கால் நட வேண்டும், அரசாணிப் பானை வைக்க வேண்டும், தாய்மாமன் சீர் வர வேண்டும், பெரியவர் தாலியைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவர் கங்காணி. பிற்காலத்தில் அவர் இடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். 1939-ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கி, 1950-ல் அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆன காலத்துக்குள், சண்டையைத் தீர்ப்பதும் கல்யாணத்தை முன்னின்று முடிப்பதும் பல தோட்டங்களில் தலைவர்மாரின் வேலையாகிவிட்டது. "தலைவர் வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தம் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் சாதி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. டோபி மாத்துத் துணி விரிக்க வேண்டும், பார்பர் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய வேண்டும், தப்பு அடிப்பவர் பந்தலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். அவர்களுக்கு அரிசி, தேங்காய், வெற்றிலை, கொஞ்சம் காசு. அன்றைய கல்யாணங்களை நினைத்து உருகுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் உருகுகிறார்கள். தப்புக்காரரின் பிள்ளைகள் இன்று அந்த வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது நல்லது.

மணமக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொண்ணுக்கு எந்தச் சேலை, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எந்தக் கிழமை எல்லாம் பெரியவர்கள் பேசியது. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு வசதி. ஆடி, மார்கழி ஆகாது. தை பிறந்தால் ஊவாவில் வடகீழ்ப் பருவமழை இன்னும் முழுதாக விட்டிருக்காது, பந்தலுக்குள் சேறு மிதிபடும். காமன் கூத்தில் நடக்கும் ரதி மதன் கல்யாணத்துக்குத் தோட்டமே பெண்வீடும் மாப்பிள்ளை வீடுமாகப் பிரிந்து சம்பந்தம் பேசும். அந்தக் கூத்தில் ரதிக்கு இருந்த வாய்ப்பேச்சு நிஜக் கல்யாணத்தில் பெண்ணுக்கு இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு ஆட்கள் கூடி நடத்திய கல்யாணத்துக்கு ஒரு காகிதம் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1907-ம் ஆண்டின் 19-ம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் வடிவத்தில் ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 12 வயது நிரம்பினால் போதும். ஐரோப்பியர், பறங்கியர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் மட்டும் 14. எந்தச் சிறுமி எத்தனை வயதுவரை சிறுமி என்பதை இனம் பார்த்துச் சொன்ன சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கீழ் எல்லோருக்கும் 18 என்று ஆனது 1995-ல்தான். பதிவு செய்யாவிட்டாலும் வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும் என்று அந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. கண்டியச் சிங்களவருக்குத் தனிச் சட்டம் இருந்தது, அவர்களுக்குப் பதிவு இல்லாமல் கல்யாணம் இல்லை. தோட்டத்து மக்களுக்குச் சலுகை போல இருந்த இந்த ஏற்பாடுதான் பின்னால் காலை வாரியது.

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் அன்றே காகிதம் இருந்தது. கிறிஸ்தவர்கள். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, சாமியார் முன்னால் மோதிரமோ தாலியோ ஆன பிறகு, கோயில் பதிவேட்டில் கையெழுத்தும் ஆகிவிடும். சட்டம் ஏற்றுக்கொண்ட பதிவு அது. 1972-ல் பதுளை தனி மறைமாவட்டமாக ஆவதற்கு எத்தனையோ காலம் முன்பே மலைத்தோட்டங்களுக்கு நடந்தும் குதிரையிலும் போன பாதிரிமார் இந்த வேலையைச் செய்து வந்தார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் அந்தோணியம்மாவுக்கு விவாகச் சான்றிதழ் இருந்தது, மாரியாயிக்கு இல்லை.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது 1948-க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும்: கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்ததையும் காட்ட வேண்டும். கல்யாணமானவர் என்று எதைக் கொண்டு காட்டுவது? பந்தலில் சாப்பிட்ட நானூறு பேரும் சாட்சிதான், ஆனால் கந்தோருக்கு வேண்டியது காகிதம். தோட்டத்துச் செக்ரோலில் 'இன்னாரின் பெண்சாதி' என்று கணக்கப்பிள்ளை எழுதிய வரிக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. அந்த வரியும் அவர்கள் கையில் இல்லை, துரையின் கந்தோரில் இருந்தது.

அடுத்தது 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு தலைவர்கள் பிரித்துக்கொண்டார்கள். அதிலிருந்து சம்பந்தம் பேசுகிற இடத்தில் ஜாதகத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது: "இந்தியாவா, சிலோனா?" இந்தியாவுக்கு எழுதிய வீட்டுப் பிள்ளைக்குச் சிலோனுக்கு எழுதிய வீட்டில் பெண் எடுத்தால், பிறந்த வீட்டை இந்தப் பிறவியில் பார்ப்பாளா என்று தாய்க்காரி யோசிப்பாள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். அந்தக் கோச்சியில் அழுதபடி போனவர்களில் புதுப் பெண்களும் இருந்தார்கள்.

சடங்கே வேண்டாம் என்ற குரலும் இதற்கு நடுவில் மலைக்கு வந்தது. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த சுயமரியாதைத் திருமணத்தின் அலை, இளஞ்செழியன் தலைமையிலான இலங்கை திராவிடர் முன்னேற்றக் கழகத்தின் வழியாகத் தோட்டங்களுக்கும் எட்டியது. ஐயரும் இல்லை, பண்டாரமும் இல்லை. ஒருவர் தலைமை தாங்கிப் பேசுவார், மாலை மாற்றுவார்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லுபடியாக்க 1967-ல் அண்ணாதுரை அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே பதிவாளரிடம் போனால் போதும். ஆனால் போனவர்கள் குறைவு. பேச்சு நீண்டுவிட்டது, பதிவுக்கு நேரமில்லை என்று ஒரு பெரியவர் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்றைய நிலைக்கு வருவோம். கங்காணி போய்விட்டார். துரையின் பிடியும் தளர்ந்துவிட்டது, அதற்குக் காரணம் அவர் மனம் மாறியது இல்லை. 1975-ல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-ல் கம்பெனிகளிடம் கொடுத்தது. அதற்குள் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், படித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் வங்கிகளுக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் பேர் இல்லாதவர் கல்யாணத்துக்குத் தோட்டத்திடம் எதைக் கேட்பது? கொழும்பில் ஒரே கடையில் வேலை செய்து பழகிய பசறைப் பையனும் ஹல்துமுல்லைப் பெண்ணும் தாங்களே பேசி முடித்துவிட்டு வீட்டுக்குச் சொல்கிறார்கள். சில வீடுகளில் சாதி இன்னும் குறுக்கே படுக்கிறது. பல வீடுகளில் ஒரு வாரம் முனகிவிட்டு எழுந்துவிடுகிறது.

சடங்கை நடத்துபவரும் மாறிவிட்டார். பண்டாரத்தின் இடத்தில் பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ ஐயர் வருகிறார். ஓமம் வளர்க்கிறார். முன்பு இல்லாத சடங்குகள் பல இப்போது 'நம்ம முறை' ஆகியிருக்கின்றன. இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பண்டாரம் பாடிய தேவாரம் தேவையில்லை என்று யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மணமக்கள் ஐயரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஹாலிஎலப் பக்கத்து வீடொன்றில் அப்படியொரு பேச்சில் நானும் இருந்தேன்.

ஐயர் ஆட்டோவில் வந்து இறங்கி, பிளேன்டீயைக் குடித்துவிட்டு, போனை எடுத்தார். பொருள் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது: மஞ்சள், நவதானியம், ஓமக்குச்சி, நெய், தர்ப்பை, அரசாணிப் பானை. பிறகு கோத்திரம் கேட்டார். பெண்ணின் அப்பா முழித்தார். "சிவ கோத்திரம்னு சொல்லிக்கலாம்" என்று ஐயரே எழுதிக்கொண்டார். அடுத்து மூன்று தலைமுறைப் பெயர். அப்பா, தாத்தா வரை வந்தது. அதற்கு மேல், கடல் தாண்டி வந்தவரின் பெயர், அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவியைக் கூப்பிட்டார்கள். அவர் 'கட்டையன்' என்ற பட்டப்பெயரைத்தான் சொன்னார். அதை மந்திரத்தில் சொல்ல முடியாது என்று முடிவாயிற்று.

பெண் கொழும்பில் கணக்காளராக இருக்கிறார். அவரிடமும் ஒரு பட்டியல் இருந்தது.

"சாமி, கன்னிகாதானத்துல அப்பா பேரு சொல்றீங்க. அம்மா பேரையும் சேத்துச் சொல்லுங்க. கொழுந்து பறிச்சு என்னைப் படிக்க வச்சது அவங்கதான்."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லலாம்மா. தடை ஒண்ணும் இல்ல."

"மந்திரத்துக்கு அர்த்தம் தமிழ்ல ரெண்டு வரி சொல்லுவீங்களா?"

"சொல்றேன். ஆனா வீடியோக்காரத் தம்பி வந்து தாலியத் திரும்ப ஒருக்கா தூக்கிக் காட்டுங்கன்னு என்கிட்ட கேக்கக்கூடாது. அத நீங்க சொல்லி வையுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் பேரை எதற்கு இழுக்கிறார்கள் என்று அவருக்கு வெட்கம்.

ஐயரோடு பேசி முடித்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. விவாகப் பதிவாளரிடம் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்ல இடம் விட வேண்டும். மண்டபத்துக்கே பதிவாளரை அழைப்பதானால் விசேட அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். இதெல்லாம் ஓடியாடினால் ஆகிவிடும். ஆகாதது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பத்திரத்தில் மூன்றாவது மாதிரி. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பேரைத் தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். முத்துலெட்சுமி 'முத்துலச்சிமி' ஆகி, இன்னொரு இடத்தில் வெறும் 'லெச்சுமி' ஆகியிருப்பாள். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். 1999-ல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக அறிவித்தார்கள். அறிவித்தபடி தமிழில் எழுதித்தர ஆள் இருக்கும் நாளில் போய்ச் சேர்வது அவரவர் அதிர்ஷ்டம். சிங்களத்தில் வந்த சான்றிதழை மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்துத் தன் பெயரையே திரும்ப வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இருந்தும் அந்த மேசையில் நடப்பது எனக்குப் பிடிக்கும். தாலி கட்டும்போது பெண் தலையைக் குனிந்திருந்தால் போதும். பதிவாளர் முன்னால் குனிந்திருக்க முடியாது. சம்மதமா என்று கேட்பதற்கு அவள் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், தன் கையால் எழுத வேண்டும். அவளுடைய பாட்டி செக்ரோலில் பெருவிரல் உருட்டியவள். காகிதத்தின் பயனும் சின்னதல்ல. பிள்ளையின் பிறப்புப் பதிவில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூடு இருந்து வந்திருக்கிறது. புருஷன் இறந்தால் சேமலாப நிதிக்கு விவாகச் சான்றிதழ் கேட்பார்கள். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நின்று தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவு செய்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கிடைக்கும். லயத்துப் பந்தலில் நடந்ததற்குப் பிரதி இல்லை.

இன்றைய கல்யாணத்தில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார், செலவில் அவருக்குத்தான் பெரும் பங்கு. போட்டோக்காரர். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் காலையில் போனால், வெள்ளைக்காரப் பயணிகளுக்கு நடுவில் பட்டுச் சேலையும் கோட்டும் போட்ட நம் பிள்ளைகள் கோச்சிக்காகக் காத்திருப்பதைப் பார்க்கலாம். இரும்புக் கம்பி இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு கட்டி, துண்டு முறை ஒழிந்த அதே 1921-ல் முடித்த பாலம். தேயிலையைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை. கோச்சி வளைவில் தலைகாட்டும் நேரத்தில் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்க வேண்டும், சேலை விசிற வேண்டும், எல்லாம் அரை நிமிஷம். தவறினால் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம். அந்த வெயிலில் ஒப்பனை வழிந்தபடி நிற்கும் பெண்ணைப் பார்த்தால், முகூர்த்தம் தவறிவிடும் என்று பதறிய பழைய பூசாரிதான் ஞாபகம் வருகிறார்.

பணம் எங்கிருந்து வருகிறது? நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியதே 2021-ல்தான். பவுன் விலையை 2022 நெருக்கடி எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டது. கொழும்புச் சம்பளம், மத்தியகிழக்கில் வீட்டு வேலைக்குப் போன அம்மாவின் காசு, சீட்டு, மொய் எல்லாம் சேர்ந்தும் போதாமல் நுண்கடன்காரர் வருகிறார். வாரா வாரம் தவணைக்கு லயத்து வாசலில் வந்து நிற்கும் அவர்களைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குள் ஒளியும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். கங்காணியின் கடனுக்கு ஒரு முகம் இருந்தது, கெஞ்சலாம் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காலத்தின் மேல் அப்படியொரு ஆசை வரவில்லை. கங்காணி கெஞ்சலுக்கு இரங்கினார் என்றால் அந்த இரக்கத்தையும் கணக்கில் எழுதித்தான் வைத்திருப்பார். ஆனால் முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்த பிள்ளைகள், அதில் முதல் முடிவாக முந்நூறு பேர் மண்டபத்தை எடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

பதிவு செய்யாமலே நாற்பது, ஐம்பது வருஷம் வாழ்ந்துவிட்டவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். நடமாடும் சேவை வரும்போது அவர்களையும் உட்கார வைத்து எழுதுகிறார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரை, வரிசை, வெற்றிலை. லுணுகலைப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பேரன் கல்யாணத்துக்குத் தேவைப்பட்ட காகிதங்களைத் தேடிப் போய், தாத்தா பாட்டிக்கே காகிதம் இல்லை என்று தெரிந்து அழைத்து வந்திருந்தார்கள். கல்யாணமான தேதியைத் தாத்தா சொல்லத் தொடங்கினார்: அந்த வருஷம் தோட்டத்தில் பெரிய ஸ்ட்ரைக், சின்னத்துரை மாறிப்போன மாதம். பதிவாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அன்றைய தேதியை எழுதினார். இன்று பதிவதற்கு இன்றைய தேதிதான் போட முடியும் என்றும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்றும் விளக்கினார்.

"அப்ப நேத்து வரைக்கும் நாங்க என்னாங்கய்யா?" என்றார் பாட்டி.

பதிவாளர் சிரித்துவிட்டு, சாட்சிக்காரர்களின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார். மகன்தான் சாட்சி. அவர் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.